மேளத்தை நிறுத்தச் சொல்லும் கை

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஸ்டேட்டஸ்ல மூவர் விழான்னு போட்டிருந்தீங்களே, மும்மூர்த்தி மூணு பேரும் திருவாரூர்தானே? நம்ம ஊர்ல எதுக்கு விழா?" என்றான். பையன் சீர்காழியில் பிறந்தவன். பத்தாவது வரை சட்டைநாதர் கோயிலைச் சுற்றி சைக்கிள் ஓட்டியவன். அவனைச் சொல்லி என்ன, எனக்கே முப்பது வயது வரை தெரியாது. மைக் செட் போடப் போன இடங்களில் காதில் விழுந்து விழுந்துதான் தெரிந்துகொண்டேன். போனில் சொன்னால் பாதியில் வேறு கால் வந்துவிடும், எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். அதுதான் இது. எழுத உட்கார்ந்தால், இத்தனை வருடம் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயமும் கூடவே வந்து நிற்கிறது. அதையும் சேர்த்தே படித்துக்கொள்ளடா.

புதிதாக வருகிறவர்களுக்காக: எனக்குத் தொழில் மைக் செட். ஊரில் பெரியவர்கள் இன்னும் ரேடியோ செட் என்றுதான் சொல்வார்கள். அப்பா ஒரு அஹுஜா ஆம்ப்ளிஃபயர், இரண்டு குழாய் ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்டு பிளேயர், ஒரு வாடகை சைக்கிள் இவ்வளவோடு ஆரம்பித்தார். காதுகுத்து, சடங்கு, கட்சிக் கூட்டம், தீமிதி, கும்பாபிஷேகம் எதையும் விட்டதில்லை. எங்கே குழாய் கட்டினாலும் முதல் ரெக்கார்டு சீர்காழி கோவிந்தராஜன் பாடிய விநாயகர் பாட்டு. எங்கள் ஊர்க்காரர், 1933-ல் பிறந்து 1988-ல் போய்விட்டார். அவர் குரலுக்கு ட்ரெபிளைத் தொடவே வேண்டாம், வயல் தாண்டி அடுத்த ஊருக்கு அப்படியே போகும் என்பார் அப்பா. அந்த ஒரு ரெக்கார்டு மட்டும் தேய்ந்து தேய்ந்து மூன்று முறை புதிதாக வாங்கினார்.

சரி, மூவருக்கு வருவோம்.

நீ சொல்லும் கர்நாடக சங்கீத மும்மூர்த்திகள் மூன்று பேரும் திருவாரூரில் பிறந்தவர்கள்தான். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் 1775. அவர்களுக்கு முன்னால், தமிழில் பாட்டு கட்டி வைத்துவிட்டுப் போன மூன்று பேரைத்தான் தமிழிசை மூவர் என்கிறோம். ஆதி மும்மூர்த்திகள் என்றும் சொல்வார்கள். முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை. முதல் இருவரும் சீர்காழியில் வாழ்ந்தவர்கள். மூன்றாமவர் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், சிதம்பரத்தை ஒட்டிய தில்லைவிடங்கன். நம் ஊரில் இவர்களுக்கு அரசாங்கம் சிலை வைத்து மணிமண்டபம் கட்டி, விழாவும் நடத்துகிறது. அதற்குத்தான் ஸ்டேட்டஸ்.

மூவரில் முத்துத் தாண்டவர் ரொம்பப் பழையவர். இசை வேளாளர் குடும்பம். உடம்பில் நோய் வந்து, வாத்தியம் வாசிக்கும் குலத்தொழிலைச் செய்ய முடியாமல் போய், வீட்டிலும் வேண்டாதவராகிக் கோயிலே கதி என்று கிடந்தார் என்பது கதை. ஒருநாள் இரவு பசி மயக்கத்தில் வாகன மண்டபத்தில் படுத்துவிட்டார். ஆள் இருப்பது தெரியாமல் கதவைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். குருக்கள் வீட்டுப் பெண் போல அம்பாள் சோறு கொண்டுவந்து கொடுத்து, சிதம்பரம் போ, அங்கே சந்நிதியில் காதில் விழும் முதல் வார்த்தையை எடுத்துப் பாட்டு கட்டு என்று சொன்னாளாம். போனார். கூட்டத்தில் யாரோ 'பூலோக கைலாசகிரி சிதம்பரம்' என்றார்கள். அதுவே முதல் பாட்டின் எடுப்பு. பாடி முடித்தால் படியில் ஐந்து பொற்காசு. அப்புறம் தினமும் இதே வேலை. இங்கிருந்து சிதம்பரம் இருபது கிலோமீட்டர் இருக்கும், நடுவில் கொள்ளிடம் வேறு. எனக்கு டாட்டா ஏஸில் ஸ்பீக்கர் ஏற்றிக்கொண்டு போய்வரவே அலுப்பாக இருக்கிறது.

ஒருநாள் கோயிலில் யாருமே வாய் திறக்கவில்லை. ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை. அன்றைக்கு 'பேசாதே நெஞ்சமே' என்று ஆரம்பித்துவிட்டார். இன்னொரு நாள் வழியில் பாம்பு கடித்தது, 'அருமருந்தொரு தனிமருந்து' பாடினார், விஷம் இறங்கியது. இதையெல்லாம் நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம். ஆனால் காதில் விழுந்த முதல் சொல் என்ற இடம் மட்டும் என் தொழில் செய்கிறவனைச் சும்மா விடாது. இன்றைக்கு அவர் எந்தக் கோயிலுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழப்போவது "ஹலோ, மைக் டெஸ்ட்டிங், ஒன் டூ த்ரீ". அதை வைத்து என்ன ராகத்தில் எடுப்பார் என்று, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சர் முன்னால் உட்கார்ந்து பல தடவை யோசித்திருக்கிறேன்.

பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று இன்று எல்லோரும் பாடுகிற கீர்த்தனை வடிவத்துக்கு வழி போட்டவர்களில் இவர் முன்னவர் என்று விழாவுக்கு வரும் பேராசிரியர்கள் தவறாமல் சொல்வார்கள். பாட்டின் சொல் நின்றது, அவர் போட்ட மெட்டு பெரும்பாலும் நிற்கவில்லை. இப்போது கேட்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் மெட்டுப் போட்டது.

அருணாசலக் கவிராயர் 1711-ல் தில்லையாடியில் பிறந்தவர். தென்னாப்பிரிக்காவில் காந்தியோடு போராடிய வள்ளியம்மையின் பூர்வீக ஊரும் அதுதான். காரைக்காலில் காசுக்கடை வைத்திருந்தார், அதாவது நாணய வியாபாரம். அப்புறம் சீர்காழிக்குக் குடிவந்தார். கடை வைத்திருந்தவர் கவிராயர் ஆனார் என்பதில் எனக்கு ஒரு தனிப்பட்ட சந்தோஷம் உண்டு. கம்பராமாயணத்தை எடுத்து, கேட்கிற சாதாரண ஆளுக்கும் புரிகிற மாதிரி பாட்டாக்கி ராம நாடகம் எழுதி, ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார். பைரவியில் 'யாரோ இவர் யாரோ' என்று மேடையில் பாடும்போது பின்வரிசையில் செல்போன் பார்க்கிறவன்கூடத் தலையைத் தூக்குவான். மாடத்தில் நிற்கும் பெண்ணைப் பார்த்து ராமன் கேட்கிற கேள்வி.

இதில் ஒரு விஷயம் மேடையில் அடிக்கடி விட்டுப்போகும். கவிராயருக்குத் தமிழ் கைவந்தது. ராகம் தாளம் சேர்த்துக் கொடுத்தவர்கள், அவரிடம் தமிழ் படிக்க வந்த சட்டநாதபுரத்துக்காரர்கள் இரண்டு பேர், வெங்கடராமய்யர், கோதண்டராமய்யர். சட்டநாதபுரம் நம் ஊரை ஒட்டி இருக்கிறது, நீ கிரிக்கெட் ஆடப் போவாயே அதே ஊர். பேனரில் அந்த இருவர் பெயரை நான் பார்த்ததே இல்லை. விழா முடிந்து நன்றியுரை வாசிக்கும்போது பந்தல்காரர் பெயர் வரும், சாப்பாடு போட்டவர் பெயர் வரும், மைக் செட் பெயர் மட்டும் நாலில் மூன்று தடவை விட்டுப்போகும். அதனால் அந்த இரண்டு ஐயர்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம்.

மாரிமுத்தாப் பிள்ளை 1712-ல் பிறந்து 1787 வரை இருந்தவர். சாமியைத் திட்டுவதுபோலப் புகழ்வதில் மன்னன். எந்நேரமும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீரே, என்னய்யா காரணம் என்று நடராஜரையே நிறுத்திக் கேட்கிற பாட்டு இவருடையது. 'காலைத் தூக்கி நின்றாடும் தெய்வமே' என்ற யதுகுலகாம்போதியும் இவருடையதுதான். கணக்குப் போட்டுப் பார்: தியாகராஜர் பிறந்தபோது கவிராயருக்கு 56 வயது, பிள்ளைக்கு 55. இதற்காக யார் பெரியவர் என்று சண்டைக்கு நிற்காதே. ஒரே காவிரித் தண்ணீர்.

மூவரின் முகமும் யாருக்கும் தெரியாது. படம் எடுக்காத காலம். ஃபிளக்ஸ் கடையில் மூவருக்கும் ஒரே மாதிரி முகம் போட்டு, துண்டின் நிறத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். ஒரு விழாவில் பெயர்கள் இடம் மாறி அச்சாகியிருந்தது, யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எது மாறியது என்று சொல்லவும் வழியில்லையே.

இவ்வளவுதான் நீ கேட்ட கேள்விக்குப் பதில். இனி நான் சொல்ல வந்தது.

இசைக் கலைஞர்களைச் சிறப்பிக்கிற விழாக்களுக்கு இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகச் செட் போடுகிறேன். அரசு விழா, சபா விழா, கோயில் விழா, சங்கத்து விழா. எல்லாவற்றுக்கும் அழைப்பிதழில் ஒரே வரிசை. முதல் வரி மங்கல இசை. அப்புறம் தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, முன்னிலை, தலைமை, வாழ்த்துரை, வாழ்த்துரை, வாழ்த்துரை. மங்கல இசை 5 மணி என்று போட்டிருக்கும். நாதஸ்வரக்காரர் நாலரைக்கே வந்து, வாயில் வைத்து ஊதுகிற சீவாளியை நனைத்துக்கொண்டிருப்பார். 5 மணிக்கு வாசிக்க ஆரம்பிக்கும்போது எதிரே இருப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளும், பாயை விரிக்கிற இரண்டு பையன்களும், நானும். விருந்தினர் கார் திரும்புகிற இடத்தில் ஒருவர் நிற்பார். அவர் கையைத் தூக்கினால் மேடையோரத்தில் நிற்கும் அமைப்பாளர் மேளக்காரர் பக்கம் திரும்பி ஒரு கையைக் காட்டுவார். உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து இரண்டு முறை அமுக்குவது. போதும், முடிச்சுக்குங்க. கல்யாணத்தில் விரலைச் சுழற்றி கெட்டி மேளம் கேட்பார்களே, அதற்கு நேர் எதிரான கை இது. பல்லவியில் இருந்தாலும் சரி, சரணத்தில் இருந்தாலும் சரி, தவில்காரர் தீர்மானம் என்கிற முடிப்பு அடியை வைத்து முடித்துவிடுவார். மேளம் அன்றைக்கு அவ்வளவுதான். பிறகு மூன்று மணி நேரம் இசையின் பெருமையைப் பற்றிப் பேசுவார்கள்.

இதைச் சொன்னால், அவர்களுக்கும் சால்வை போடுகிறார்களே, சம்பளம் கொடுக்கிறார்களே என்பார்கள். போடுகிறார்கள். சால்வையைப் பற்றி எனக்கு ஒரு புகாரும் இல்லை. தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டு ஒன்றைப் பற்றி ஒரு விழாவில் பேசக் கேட்டேன், பிறகு போய்ப் புத்தகத்திலும் பார்த்தேன். தேவாரம் பாட 48 பேர், உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்தான். ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆளுக்குத் தினம் முக்குறுணி நெல். ஒருவர் இறந்துபோனால் அடுத்த உறவினர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும், அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியான வேறொருவரை வைக்க வேண்டும் என்று அதையும் வெட்டி வைத்திருக்கிறான். ஆயிரம் வருடம் ஆகிறது. உடுக்கைக்காரர் பெயரை விட்டுவிடவில்லை பார். எனக்கு அதுதான் கண்ணில் பட்டது.

இன்றைக்கும் நம் ஊரில் அரசு இசைப்பள்ளி இருக்கிறது. நாதஸ்வரம், தவில், தேவாரம் மூன்றுக்கும் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும், சேர்த்துக்கொள்வார்கள். மூன்று வருடப் படிப்பு. கஷ்டப்பட்ட வீட்டுப் பிள்ளைகள் படித்து மேளக்காரர்களாக வெளியே வருகிறார்கள். விழா நடக்கிறது, பள்ளி நடக்கிறது, உதவித்தொகை வருகிறது. ஒன்றுமில்லை என்று நான் சொன்னால் வாய் வெந்துபோகும். என் மனக்குறை அந்தக் கையைப் பற்றி மட்டும்தான்.

நாதஸ்வரத்தைப் பற்றி என் பக்கத்துக் கதை கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்து வருவது புரியாது. உடம்பு ஆச்சா மரம். கும்பகோணம் பக்கம் நரசிங்கம்பேட்டையில் செய்வது, 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய கட்டட உத்திரத்தில் இருந்து எடுத்த, நன்றாகக் காய்ந்த மரமாகப் பார்த்துக் கடைவார்கள். மேலே கெண்டை என்கிற சின்ன உலோகக் குழல், அதில் சீவாளி. கீழே புனல் மாதிரி விரிந்தது அணசு. விரல் வைக்கும் துளை ஏழு, விரல் படாமல் திறந்தே இருக்கும் துளை ஐந்து. இங்கேதான் மைக் செட்காரன் ஏமாறுவான். பார்க்கிறதுக்கு எல்லாச் சத்தமும் அணசு வழியாக வருகிற மாதிரி இருக்கும். அப்படி இல்லை. துளை எல்லாம் பேசும். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒவ்வொரு இடத்திலிருந்து சத்தம் கிளம்பும். அணசுக்கு நேராக மைக்கைச் சொருகினால் சில சுரம் காதைக் கிழிக்கும், சில சுரம் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி போகும். வாசிக்கிறவர் ஊதி ஊதிக் குழைத்தது எல்லாம் போய், வெறும் பீப்பி மிஞ்சும். நாதஸ்வரம் என்றாலே காதுவலி என்று சொல்கிறவர்கள் பலர் எங்களைத்தான் குறை சொல்கிறார்கள், தெரியாமல் வாத்தியத்தின் மேல் பழியைப் போடுகிறார்கள்.

தவில் வேறு மாதிரி வம்பு. வலது கை விரல்களில் கூடு, இடது கையில் பூவரசங் கழி. வலந்தலை என்கிற வலப்பக்கம் வெடிக்கும், தொப்பி என்கிற இடப்பக்கம் உறுமும். ஒரே மைக்கை நடுவில் வைத்தால் இரண்டும் அடித்துக்கொள்ளும். உண்மையைச் சொல்லப்போனால் இந்த இரண்டு வாத்தியத்துக்கும் மைக்கே வேண்டாம். நாலு வீதி கேட்பதற்காகப் பிறந்தவை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை பெரிய பாரி நாதஸ்வரத்தைக் கொண்டுவந்ததும் சுருதியை இறக்கிக் குரலோடு சேர்த்தார், நாதம் கனத்தது. அதற்கு முன் இருந்த திமிரி என்கிற குட்டை நாதஸ்வரம் அதைவிட உரக்கப் பேசும். மைக் இல்லாத காலத்துத் தெருவுக்கு அது போதுமாக இருந்தது. இதை நான் சொல்வது என் பிழைப்புக்கு நானே மண் போடுவது மாதிரிதான். இருந்தாலும் நிஜம்.

அந்த விழாவுக்கு வருகிறேன். எந்த ஊர், எந்த வருடம், யார் நடத்தியது என்று சொல்லப்போவதில்லை. அந்த மேடையில் நின்றவர்களில் சிலர் இன்றைக்கும் எனக்கு வேலை தருகிறவர்கள். சீர்காழி மண்டபம் இல்லை, அது மட்டும் சொல்கிறேன். தமிழிசையைச் சிறப்பிக்கும் விழாதான். பேனரில் மூவரும் இருந்தார்கள், துண்டு நிறம் மாறி.

மங்கல இசை 5 மணி. வாசிக்க வந்தவர் அறுபது தாண்டிய பெரியவர், கோயில் சேவகத்தில் இருந்தவர். தவிலுக்கு அவர் மருமகன். கூடவே தாளம் போட ஒரு சின்னப் பையன், சுருதிப் பெட்டி. சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியில் ஆரம்பித்தார்கள். வழக்கமாக இருபது நிமிடத்தில் கை வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. விருந்தினர் வேறொரு நிகழ்ச்சியில் மாட்டிக்கொண்டார். ஐந்தரை ஆனது. அறிவிப்பாளர் இரண்டு தடவை "இன்னும் சற்று நேரத்தில்" என்று சொல்லிப் பார்த்துவிட்டு, மூன்றாவது தடவை சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு டீ குடிக்கப் போனார். அமைப்பாளர் மேளக்காரரிடம் வந்து, "ஐயா, வாசிச்சுக்கிட்டே இருங்க, நான் சொல்றேன்" என்றார். பெரியவர் தலையை ஆட்டினார். சீவாளியைக் கழற்றி, கொத்தாகத் தொங்கிய சீவாளிகளில் வேறொன்றைத் தேர்ந்து பொருத்தி, இரண்டு ஊது ஊதிப் பார்த்துவிட்டு, ஒரு ராகத்தை மெல்ல எடுத்தார்.

முன்வரிசையில் பாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கூட்டாகப் பாட அழைத்து வந்தவர்கள். மூன்று மணிக்கே பட்டுப் பாவாடை கட்டி, பூ வைத்து, இறுக்கமாகப் பின்னிவிட்டு உட்கார வைத்தாயிற்று. பசி. பாதிப் பிள்ளைகள் ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்திருந்தார்கள். மிக்சர் மேசைக்குப் பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். திடீரென்று நிமிர்ந்து பக்கத்துப் பெண்ணை இடித்து, "ஏய், இது நம்ம சரளி வரிசைடி" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் நானே பிடித்துக்கொண்டேன். மாயாமாளவகௌளை. பாட்டுக் கற்றுக்கொள்ளப் போகிற எல்லாப் பிள்ளைக்கும் முதல் பாடம் அந்த ராகத்தில்தான். ஸரிகமபதநிஸ என்று கத்திக் கத்தி அலுத்துப்போன அதே எட்டுப் படியை, இந்த மனிதர் அரைமணி நேரமாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பெண் விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தாள். அவர் மேல் ஷட்ஜத்தில், அதாவது கடைசி 'ஸ'வில் போய் நின்றபோது வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். இன்னும் அரைமணி அவர் அங்கேயே நின்றாலும் அவள் அசைந்திருக்க மாட்டாள்.

ராகம் முடிந்து பாட்டு எடுத்தார். 'ஆடிக்கொண்டார் அந்த வேடிக்கை.' முத்துத் தாண்டவர். பேனரில் இருப்பவருடைய பாட்டு, பேனருக்கு நேர் எதிரே, யாரும் கேட்டு வாங்காமல். அன்றைய நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் எட்டு இடத்தில் இருந்தது. பாட்டு என்று கேட்டது அந்த ஒன்றைத்தான் என்று பிறகு யோசித்தபோது தெரிந்தது, ஏனென்றால் நேரமாகிவிட்டது என்று பிள்ளைகளின் கூட்டுப் பாட்டையே ஒரு பாட்டாகக் குறைத்துவிட்டார்கள், அதுவும் வேறு யாரோ எழுதிய வரவேற்புப் பாட்டு.

சுரம் பாடுகிற மாதிரி சுரம் வாசித்தார். மருமகனும் லேசுப்பட்டவர் இல்லை. அதுவரை அடக்கி வாசித்தவர், கூட்டம் எழுந்து நின்று பார்க்கும்படி கோர்வை என்கிற, மூன்று முறை வாசித்து முடிக்கிற தாளக் கணக்குக்குள் இறங்கினார். சரியாக அந்த நேரத்தில் கார். தெருமுனையில் கை தூக்கியது தெரிந்தது. அமைப்பாளர் ஓடிவந்து மேளக்காரர் முன்னால் உள்ளங்கையை அமுக்கினார். பெரியவர் கண்ணை மூடியிருந்தார். தவில்காரர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார். அமைப்பாளர் திரும்பி என்னைப் பார்த்து, "செட்டு! மைக்கை ஆஃப் பண்ணு!" என்றார்.

நான் சொல்வதைக் கேட்டு நடக்கிறவன். தொழில் அப்படி. பேசுகிறவர் நேரம் தாண்டினால் மைக்கைக் குறை என்பார்கள், குறைப்பேன். குழாயை அந்தப் பக்கம் திருப்பு என்பார்கள், திருப்புவேன். அன்றைக்கு என்ன வந்ததோ, மிக்சருக்குப் பின்னால் குனிந்துவிட்டேன். "ஒரு நிமிஷம் சார், ஒயர் லூஸ், தொட்டா கீச்சுனு கத்தும்" என்றேன். ஒயர் நன்றாகத்தான் இருந்தது. ஒரு கையால் ஜாக்கைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு, மேசைக்கு அடியில் உட்கார்ந்து கோர்வையை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று முறை வர வேண்டும். ஒன்று. அமைப்பாளர் மேசையைத் தட்டினார். இரண்டு. "என்னய்யா பண்றே?" மூன்று. நாதஸ்வரமும் தவிலும் சேர்ந்து ஒரே இடத்தில் வந்து உட்கார்ந்தன. எல்லாம் சேர்த்து ஒன்றரை நிமிடம் இருக்கும். எழுந்து, "சரியாயிடுச்சு சார்" என்றேன்.

விருந்தினர் மேடையோரத்தில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் இன்னும் ஐந்து நிமிடம் பேசினார். கோபப்பட்டவர் அமைப்பாளர் ஒருவர்தான். கணக்கு முடிக்கும்போது ஐந்நூறு ரூபாய் பிடித்துக்கொண்டார்கள், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இரவு பத்தரைக்கு மேல் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். பெரியவர் நாதஸ்வரத்தை உறையில் போட்டு, சால்வையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பொட்டலத்தோடு என்னிடம் வந்தார். ஒயர் சங்கதி அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது, மருமகன் சொல்லியிருப்பார். நானும் ஏதோ நல்ல வார்த்தை வரப்போகிறது என்று நிமிர்ந்து நின்றேன்.

"தம்பி, மைக்கை ஏன் அணசுக்குள்ள கொண்டுவந்து சொருகி வச்சிருந்தே?" என்றார்.

முழித்தேன்.

"ரெண்டு முழம் தள்ளி, என் முட்டி உசரத்துக்கு வை. மேல பாத்த மாதிரி வைக்கணும். நிஷாதமெல்லாம் இன்னைக்கு ஓட்டைத் தகரம் மாதிரி கேட்டிருக்கும். பின்னாடி உக்காந்தவன் பாவம்."

அப்புறம் பொட்டலத்தை என் மேசையில் வைத்து, "எலுமிச்சை சாதம். எனக்கு ராத்திரியில ஆகாது, நீ சாப்பிடு" என்று சொல்லிவிட்டு மருமகன் வண்டியில் ஏறிப்போனார். மேலே அணசைப் பற்றியும் துளைகளைப் பற்றியும் பெரிய ஞானி மாதிரி எழுதினேனே, அதெல்லாம் அன்றைக்கு ராத்திரி அவர் சொன்ன பிறகு தெரிந்துகொண்டதுதான். அதற்குமுன் பதினைந்து வருடம் எத்தனை பேர் வாசிப்பை ஓட்டைத் தகரமாக்கி ஊருக்குக் கேட்க வைத்தேனோ.

வருகிற மாதம் ஒரு விழாவுக்கு முன்பணம் வாங்கியிருக்கிறேன். ஸ்டாண்டு இரண்டு புதிதாக எடுத்தாயிற்று, குட்டையானது, முட்டி உயரத்துக்கு. நீ லீவு போட்டு வந்தால் ஒயர் பிடிக்க ஒரு ஆள் ஆகும். நாலரைக்கே வந்துவிடு, மங்கல இசை 5 மணிக்கு.